எஃப்சிங்கை அணைக்காதீர்கள்

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் சர்வர் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கு,

உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்; மாதக் கடைசியில் ஸ்டாக் ரிப்போர்ட் வரத் தாமதமானாலும் உங்களைத்தான். டேட்டாபேஸுக்கென்று தனி ஆள் போடும் வசதி உங்கள் முதலாளிக்குக் கிடையாது. ‘சாஃப்ட்வேர் ரொம்ப ஸ்லோ’ என்ற புகார் நாலு பேரிடமிருந்து வந்ததும், ராத்திரி தனியாக உட்கார்ந்து தேடுகிறீர்கள். கண்ணில் படும் யோசனைகளில் ஒன்று நிச்சயம் இதுவாக இருக்கும்: போஸ்ட்கிரெஸ் கான்ஃபிக் ஃபைலில் எஃப்சிங்க் என்ற வரியை ஆஃப் செய், பறக்கும்.

பறக்கும், பொய்யில்லை. செய்து பார்த்தவர்கள் உடனே பலன் கண்டு, அடுத்தவருக்கும் சொல்லிவிடுகிறார்கள். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது, அதற்குப் பதிலாக எது போகிறது, அதே வேகத்தை நேர்வழியில் எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதைச் சொல்லவே இந்த மடல். நான் போஸ்ட்கிரெஸை வைத்தே பேசுகிறேன். மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு ஆங்காங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஒரு பில் போட்டு சேவ் அழுத்தியதும் டேட்டாபேஸ் டேபிள் ஃபைலைத் தொடுவதில்லை. மாற்றத்தை முதலில் டிரான்ஸாக்‌ஷன் லாக்கின் கடைசியில் எழுதுகிறது. எழுதிவிட்டு, ‘இது டிஸ்கில் போய்ச் சேர்ந்த பிறகு வந்து சொல், அதுவரை காத்திருக்கிறேன்’ என்று கெர்னலிடம் கேட்கிறது. இந்தக் கேள்விதான் எஃப்சிங்க். பதில் வந்த பிறகே கவுண்டரில் இருப்பவருக்கு ‘சேமிக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. டேபிளில் எழுதும் வேலை பிறகு சாவகாசமாக நடக்கும். இடையில் கரண்ட் போனால் லாக்கைப் படித்து, விட்டுப்போனதை எல்லாம் டேட்டாபேஸ் தானே சரிசெய்துகொள்ளும்.

கேட்கும் இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கும் நடுவே பல கைகள் இருக்கின்றன. லினக்ஸின் பேஜ் கேஷ், ரெய்டு கன்ட்ரோலரின் மெமரி, டிஸ்கின் உள்ளேயே இருக்கும் கேஷ், கடைசியாகத் தட்டு அல்லது ஃபிளாஷ். இவற்றில் எது வேண்டுமானாலும் முந்திக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிடலாம். பதிவுத் தபாலை இன்னும் பையில் வைத்துக்கொண்டே ஒப்புகை அட்டையில் தானே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும் தபால்காரர் போல. சர்வர் டிஸ்க் செட்டிங் என்று நாம் பேசுவதில் பாதி, இந்த வரிசையில் யாருடைய கையெழுத்தை நம்பலாம் என்ற கேள்விதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க், விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. லாக்கின் கடைசியில் எழுதி முடித்தவுடன் அடுத்த கமிட், அதாவது அடுத்த சேவ், வந்தால், அதே இடம் மறுபடி ஹெட்டுக்குக் கீழே வர ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று ஆக வேண்டும். ஆகவே ஒரே இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் கமிட்டுகள் விநாடிக்குச் சுமார் 120-ஐத் தாண்ட முடியாது. பல பேர் ஒரே சமயத்தில் பில் போட்டால் பல கமிட்டுகளை ஒரே எஃப்சிங்கில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு உண்டு. அப்போது மொத்த எண்ணிக்கை கூடும். ஆனால் தனி ஒரு இணைப்புக்கு இயற்பியல் வைத்த வரம்பு அது. பேட்டரி கேஷ் எதுவும் இல்லாத அப்படியொரு டிஸ்க் விநாடிக்கு 3,000 எஃப்சிங்க் செய்ததாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். நடுவில் யாரோ பொய் சொல்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். போஸ்ட்கிரெஸோடு பிஜி-டெஸ்ட்-எஃப்சிங்க் என்ற ஒரு சின்ன புரோகிராம் வருகிறது. ஓடவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு, 8 கேபி எழுதி, விநாடிக்கு எத்தனை, ஒன்றுக்கு எத்தனை மைக்ரோ விநாடி என்று வரிசையாகப் போடும். லினக்ஸில் எஃப்டேட்டாசிங்க் என்ற வரியைப் பாருங்கள், போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்துவது அதைத்தான். ஒரு எச்சரிக்கை: எந்த ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுக்கிறீர்களோ அங்கேயே சோதனை ஃபைலை எழுதும். டெம்ப் ஃபோல்டரில் நின்று ஓடவிட்டு, அது மெமரியில் இருப்பது தெரியாமல் ‘ஆஹா’ என்று மகிழ்வது சாதாரணமாக நடக்கிறது. மைனஸ் எஃப் கொடுத்து, டேட்டாபேஸின் லாக் இருக்கும் அதே டிஸ்கைக் காட்டுங்கள். மைஎஸ்கியூஎல் ஆட்களும் போஸ்ட்கிரெஸை நிறுவி இதை மட்டும் ஓடவிடலாம். டிஸ்க் எல்லோருக்கும் ஒன்றுதானே.

அந்த எண் கையில் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். எஃப்சிங்க் ஒன்றுக்கு 8 மில்லி விநாடி என்றால் ஒவ்வொரு கமிட்டுக்கும் குறைந்தபட்சம் அவ்வளவு நேரம் போகிறது. மெமரியை இரட்டிப்பாக்கினாலும் பிராசஸரை மாற்றினாலும் அது குறையாது. ஷேர்டு பஃபரை 25 சதவீதம் வைப்பதா 40 வைப்பதா என்று மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இந்த ஐந்து விநாடிச் சோதனையைச் செய்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இப்போது அந்த ஆஃப் விஷயம். எஃப்சிங்கை அணைத்தால் கரண்ட் போகும்போது கடைசிச் சில பில்கள்தான் போகும், மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லாக் முதலில், டேபிள் பிறகு என்ற வரிசையே குலைந்துபோகிறது. கெர்னல் தன் வசதிக்கு எதை வேண்டுமானாலும் முதலில் எழுதும். டேபிளின் ஒரு பக்கம் புதியது, அதன் இண்டெக்ஸ் பழையது, லாக்கில் இரண்டுமே இல்லை என்று ஆகலாம். டேட்டாபேஸ் எழுந்திருக்காமல் போனால் பேக்கப்பிலிருந்து மீட்டு எழுப்பலாம். எழுந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டி, ஆறு மாதம் கழித்து ஒரு கஸ்டமரின் பாக்கி இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் ஒன்றும், முழு டேபிளைப் படித்தால் வேறொன்றும் வருவது அதைவிட மோசம். அதற்குள் உங்கள் பேக்கப்புகளிலும் அதே கோளாறு ஏறியிருக்கும்.

‘எங்களிடம் யூபிஎஸ் இருக்கிறது’ என்பீர்கள். யூபிஎஸ் கரண்டைத்தான் காக்கும். கெர்னல் பேனிக் ஆனால் என்ன செய்யும்? சர்வரின் பவர் சப்ளை எரிந்தால்? ஹேங் ஆகிவிட்டது என்று ஒருவர் பட்டனைப் பிடித்து அழுத்தினால்? விர்ச்சுவல் மெஷின் என்றால், ஹோஸ்ட் ரீசெட் ஆவதே போதும்.

அணைக்கத் தகுந்த நேரம் ஒன்று உண்டு. காலியான புதிய டேட்டாபேஸில் பேக்கப்பிலிருந்து முழுவதையும் ஏற்றுகிறீர்கள், கெட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றலாம் என்ற நிலை. அப்போது செய்யலாம். முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போட மறந்துபோன சர்வர்கள் எத்தனை ஓடிக்கொண்டிருக்கின்றனவோ!

வேகம்தான் வேண்டும், கடைசி அரை விநாடி போனாலும் பரவாயில்லை என்றால் அதற்கென்றே வேறொரு கதவு இருக்கிறது: சிங்க்ரனஸ் கமிட் என்ற செட்டிங். இதை ஆஃப் செய்தால் போஸ்ட்கிரெஸ் கமிட்டுக்குக் காத்திருக்காமல் பதில் சொல்லிவிடும். லாக்கைப் பின்னணியில் 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை எழுதும். சர்வர் விழுந்தால் போவது அதிகபட்சம் அந்த இடைவெளியின் மூன்று மடங்கு, அதாவது 600 மில்லி விநாடியில் வந்தவை. ஆனால் வரிசை குலையாது, டேட்டாபேஸ் கெடாது. ரொம்பப் பேர் கவனிக்காத இன்னொரு வசதி, இதை டிரான்ஸாக்‌ஷனுக்கு டிரான்ஸாக்‌ஷன் மாற்றலாம். பணம் வரவு வைக்கும் இடத்தில் ஆன், யார் எந்தப் பக்கம் பார்த்தார் என்று குறித்துவைக்கும் இடத்தில் ஆஃப் என்று அப்ளிகேஷன் எழுதுபவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி ஃபிளஷ் லாக் அட் டிரான்ஸாக்‌ஷன் கமிட் என்று நீளமாக ஒன்று இருக்கிறதே, அதில் 1 முழுப் பாதுகாப்பு. 2 வைத்தால் மைஎஸ்கியூஎல் மட்டும் விழுந்தால் நஷ்டமில்லை, மெஷினே விழுந்தால் ஒரு விநாடி அளவுக்குப் போகலாம். 0 வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி டிஸ்க் பக்கம். ரெய்டு கன்ட்ரோலர் இருந்தால் அதன் மெமரியில் எழுதியவுடனேயே ‘ஆச்சு’ என்று சொல்லும் முறை ரைட்-பேக்; டிஸ்கில் எழுதிய பிறகு சொல்வது ரைட்-த்ரூ. பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ இருக்கும் கன்ட்ரோலரில் ரைட்-பேக் வைப்பது ஏமாற்று வேலை அல்ல. கரண்ட் போனாலும் மெமரியில் இருப்பது காப்பாற்றப்படும், ஆகவே அந்தக் கையெழுத்தை நம்பலாம். பழைய சர்வரில் ஒரே மாற்றத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வேகம் இது. ஆனால் பேட்டரிக்கு ஆயுசு உண்டு. பல கன்ட்ரோலர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பேட்டரியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பரிசோதிக்கும். அந்த நேரத்தில் தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறிவிடும். ‘சில மாதத்துக்கு ஒரு தரம் காரணமே இல்லாமல் அரை நாள் மந்தமாகிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கன்ட்ரோலரின் லாக்கைத்தான். பேட்டரி செத்துப்போனால் நிரந்தரமாக ரைட்-த்ரூ. அப்போது சர்வீஸ் ஆள் வந்து, பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக்கிலேயே இருக்கும்படி மாற்றிவிட்டு, ‘சரியாகிவிட்டது சார்’ என்று போவார். எஃப்சிங்கை அணைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கும்போதும் இதே கேள்விதான். கடையில் கிடைக்கும் லேப்டாப் ரக எஸ்எஸ்டியை சர்வரில் போட்டால் படிப்பது மின்னல் வேகம். எஃப்சிங்க் மட்டும் எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருக்கும். காரணம், அது நேர்மையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதி முடித்தாக வேண்டும். சர்வர் ரக எஸ்எஸ்டியில் கரண்ட் போனாலும் உள்ளே இருப்பதை எழுதி முடிக்கப் போதுமான கெபாசிட்டர்கள் பலகையிலேயே இருக்கும். ஆகவே அது மெமரியில் வாங்கிக்கொண்ட கணமே தைரியமாகப் பதில் சொல்லலாம். பட்டியலில் பவர் லாஸ் புரொடக்‌ஷன் என்று போட்டிருக்கும். கொட்டேஷன் வாங்கும்போது ஜிபியையும் விலையையும் மட்டும் பார்க்காமல் அந்த ஒரு வரியைத் தேடுங்கள். டேட்டாபேஸ் முழுவதற்கும் வாங்கக் காசில்லை என்றால், லாக்குக்கு மட்டும் அப்படி இரண்டு சிறிய டிஸ்க் வாங்கி மிரர் செய்து வையுங்கள். காத்திருப்பெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

எஃப்சிங்கை நம்புவது பற்றி இவ்வளவு பேசிவிட்டு 2018-இல் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அதுவரை போஸ்ட்கிரெஸ் எழுதியவர்கள், எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்டால் போதும் என்று நம்பியிருந்தார்கள். லினக்ஸ் செய்தது வேறு. எழுத முடியாமல் போன பக்கத்தை, தவறை ஒருமுறை சொல்லிவிட்டு, ‘சுத்தம்’ என்று குறித்துவிடும். இரண்டாவது முறை கேட்டால், எழுத வேண்டியது எதுவும் இல்லை, எல்லாம் நலம் என்று பதில் வரும். டேட்டாபேஸ் அதை நம்பி, லாக்கின் பழைய பகுதியைத் தேவையில்லை என்று விட்டுவிடும். நெட்வொர்க் வழியாக வரும் ஸ்டோரேஜிலும், இருப்பதைவிட அதிகமாக இடம் பிரித்துக் கொடுத்த ஸ்டோரேஜிலும் இது நடக்கக்கூடியதே. இருபது ஆண்டுக்கு மேல் உலகமே பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அடித்தள நம்பிக்கை ஆடிப்போன தருணம். 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னையே நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மீண்டு வருகிறது. முரட்டு வைத்தியம், ஆனால் சரியான வைத்தியம். 11.2-க்கு முந்தியது எதுவும் இன்னும் உங்களிடம் ஓடினால் செட்டிங் பார்ப்பதை நிறுத்திவிட்டு அப்கிரேடைத் தொடங்குங்கள்.

அடுத்து, ஒவ்வொரு நாலைந்து நிமிடத்துக்கும் ஒருமுறை எல்லாம் திக்கி நிற்கும் வியாதி. இது செக்பாயிண்ட். லாக்கில் இருப்பதை டேபிள் ஃபைலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. ஐந்து நிமிடம் ஆனாலோ, லாக் ஏறக்குறைய 1 ஜிபியை நெருங்கினாலோ தொடங்கும் என்பது போஸ்ட்கிரெஸின் இயல்பான அளவு. பரபரப்பான சர்வருக்கு அந்த 1 ஜிபி போதாது. இதில் ஒரு விஷச் சுழல் இருக்கிறது. செக்பாயிண்ட் முடிந்த பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது, கரண்ட் போய்ப் பாதி எழுதப்பட்டாலும் மீட்க வேண்டும் என்பதற்காக அதன் 8 கேபி முழுவதையும் லாக்கில் போடுகிறது. செக்பாயிண்ட் அடிக்கடி வந்தால் முழுப் பக்கங்கள் அதிகம், லாக் வீங்கும், வீங்கியதால் அடுத்த செக்பாயிண்ட் இன்னும் சீக்கிரம் வரும். இதைப் பார்த்துவிட்டு ஃபுல் பேஜ் ரைட்ஸை அணை என்று இன்னொரு யோசனை கிடைக்கும். அதுவும் எஃப்சிங்கின் தம்பிதான், தொடாதீர்கள். லாக்கின் அந்த 1 ஜிபி வரம்பைச் சொல்லும் மேக்ஸ் வால் சைஸை 8 அல்லது 16 ஜிபிக்கு ஏற்றுங்கள், செக்பாயிண்ட் இடைவெளியை 15 நிமிடமாக்குங்கள். விழுந்து எழும்போது மீட்பு சற்று நேரம் பிடிக்கும். அந்த விலை எனக்குச் சம்மதம். ‘செக்பாயிண்டுகள் அடிக்கடி நடக்கின்றன’ என்று போஸ்ட்கிரெஸ் தன் மெசேஜ் லாக்கில் தானே எழுதிவைக்கும், யாரும் படிப்பதில்லை.

கெர்னலிலும் இதற்கு ஒரு கூட்டாளி உண்டு. எழுத வேண்டிய அழுக்குப் பக்கங்கள் மெமரியில் 10 சதவீதம் சேரும்வரை லினக்ஸ் பின்னணியில் எழுத அவசரப்படாது, 20 சதவீதம் ஆனால் எழுதுபவரையே நிறுத்திவைக்கும். 64 ஜிபி மெஷினில் அந்தப் பத்து என்பது 6 ஜிபி. போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் தன் பங்கைச் சிறுகச் சிறுகத் தள்ளிவிடுகிறது. ஆனால் அதே மெஷினில் நீங்கள் பேக்கப் எடுத்தாலும், பெரிய ஃபைல் காப்பி செய்தாலும் அந்த 6 ஜிபி சேர்ந்து ஒரே மூச்சில் டிஸ்கில் கொட்டும். அப்போது வரும் கமிட் வரிசையில் கடைசியில் நிற்கும். சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில், பின்னணிக்கு 256 எம்பி, உச்சத்துக்கு 1 ஜிபி என்று வைத்துப் பாருங்கள்.

மற்றவை சில்லறை. எஸ்எஸ்டிக்கு மாறிவிட்டீர்கள் என்றால் ராண்டம் பேஜ் காஸ்டை 4-லிருந்து 1.1 ஆக்குங்கள், இல்லாவிட்டால் இன்னும் தட்டுச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு பிளானர் இண்டெக்ஸைத் தவிர்க்கும். என்விஎம்இ டிஸ்குக்கு ஐ/ஓ ஷெட்யூலர் நன், சாட்டா டிஸ்குக்கு எம்கியூ-டெட்லைன். மவுண்ட் ஆப்ஷனில் நோஏடைம் போட்டால் தவறில்லை, ஆனால் 2009 முதல் லினக்ஸே ரெல்ஏடைமை இயல்பாக வைத்திருப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. நோபேரியர் போடச் சொல்பவர் பழைய குறிப்பைப் பார்த்துச் சொல்கிறார், எக்ஸ்எஃப்எஸ் 4.19 கெர்னலிலேயே அதைத் தூக்கிவிட்டது. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு இரண்டு படிப்பு, இரண்டு எழுத்து, ஆக நாலு வேலை. டேட்டாபேஸுக்கு ரெய்டு 10 போடுங்கள்.

கிளவுடுக்குப் போனவர்களுக்கு வேறொரு புதிர். காலையில் நன்றாக ஓடுகிறது, வேலை சூடுபிடித்து அரை மணியில் படுத்துவிடுகிறது. அமேசானின் ஜிபி2 டிஸ்க் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் ஒரு ஜிபிக்கு விநாடிக்கு 3 ஐ/ஓ என்பது கணக்கு; 100 ஜிபி டிஸ்குக்கு 300. ஆனால் சேமிப்பில் 54 லட்சம் கிரெடிட் இருக்கும், அது தீரும்வரை 3,000 வரை ஓடலாம். விநாடிக்கு 3,000 செலவு, 300 வரவு என்றால் 2,000 விநாடியில், சுமார் 33 நிமிடத்தில், கிரெடிட் காலி. அதன் பிறகு பத்தில் ஒரு பங்கு வேகம். இதற்கு எந்த கான்ஃபிக் ஃபைலிலும் மருந்து இல்லை. 2020 டிசம்பரில் வந்த ஜிபி3-இல் அளவு எதுவானாலும் அடிப்படையே 3,000. மாறிக்கொள்ளுங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் ஐ/ஓஸ்டாட்டில் அவெயிட் எண்ணை, அதாவது ஒரு ஐ/ஓ முடிய ஆகும் நேரத்தை, பார்த்துக் குறித்துவையுங்கள். டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று சொல்லும் யுடில் 100 சதவீதம் என்று காட்டினால் பதறாதீர்கள். ஒரே சமயத்தில் பல வேலை செய்யும் எஸ்எஸ்டிக்கு அந்த எண் அர்த்தமற்றது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை காலை போனதும் முதல் வேலையாக டேட்டாபேஸில் ஷோ எஃப்சிங்க் என்று கேளுங்கள். ஆஃப் என்று வந்தால் யார் செய்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆன் செய்யுங்கள், ஆனால் அந்த வரியை மாற்றுவது மட்டும் போதாது, ஏற்கெனவே மெமரியில் எழுதாமல் கிடப்பதும் டிஸ்கில் சேர வேண்டும். டேட்டாபேஸை முறையாக நிறுத்தி, சிங்க் கட்டளை கொடுத்துவிட்டுத் திரும்ப எழுப்புங்கள். பிறகு பிஜி-ஆம்செக் ஓடவிட்டு இண்டெக்ஸெல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே ஒரு முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு மெஷினில் ஏற்றிப் பாருங்கள். ஸ்லோ ஆகிவிட்டது என்று புகார் வரும். வந்தால் எஃப்சிங்க் எண்ணை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போய் நல்ல டிஸ்க் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே சர்வர் பார்க்கும் ஒருவன்